எந்த வைரஸ் கார்ட் போடலாம்? ஒரு தோட்டத்து வீட்டுக் கணினியின் நிகழ்வு ஆய்வு

இது 2025 பெப்ரவரிக்கும் ஒக்டோபருக்கும் இடையில் மலையகத்தில் ஒரு வீட்டில் நடந்தது. வீட்டாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களின் பெயர், தோட்டத்தின் பெயர், கடைகளின் பெயர் எதையும் சொல்லவில்லை. நான் ஹட்டன் டவுனில் கணினி திருத்தும் வேலை செய்பவன். வைரஸ் கார்ட் என்று எங்கள் பக்கம் சொல்வது, கணினியில் வைரஸைத் தடுக்கும் மென்பொருளை. இதில் வரும் பிழைகளில் இரண்டு மூன்று என்னுடையவை.

பின்னணி

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பாதையில், நோர்வூட்டைத் தாண்டி உள்ளே போனால் அந்தத் தோட்டம். தகப்பனார் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவர். மகள் பின்னேரங்களில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறார். தோட்டமே அவரை மிஸ் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். தம்பிக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதத்தில் ஒரு தரம் வந்துபோவார்.

கணினி, தம்பி 2023இல் கொழும்பில் வாங்கியது. ஏதோ ஒரு கம்பெனி கழித்துவிட்ட மேசைக் கணினி: நான்காம் தலைமுறை கோர் ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. வாங்கிய கடையிலேயே விண்டோஸும் 'எல்லா சொஃப்ட்வெயாரும்' போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இணையத்துக்கு ஒரு 4ஜி ரவுட்டர். பகலுக்கு டேட்டா கொஞ்சம், இரவுக்கு அதிகம் என்ற வகைப் பெக்கேஜ்.

வீட்டுக் கணினி என்றாலும் அது ஊருக்கும் பொதுவானது. மிஸ் வினாத்தாள்களை அதில்தான் டைப் செய்கிறார். லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) விண்ணப்பம் நிரப்ப வருவார்கள், பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுத வருவார்கள். அடையாள அட்டையை ஸ்கேன் செய்து தரச் சொல்லியும் வருவார்கள். ஆகவே அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது ஒரு வீட்டின் படங்களும் பாட்டுகளும் மட்டும் அல்ல. ஐம்பது அறுபது பேரின் அடையாள அட்டைப் பிரதிகளும் அதில் கிடந்தன. இது எனக்கு முதல் நாள் தெரியாது. கேட்டிருக்க வேண்டும்.

அழைப்பு

பெப்ரவரி நடுப்பகுதியில் மிஸ் தொலைபேசியில் பேசினார். "சேர், நல்ல வைரஸ் கார்ட் ஒண்ணு சொல்லுங்க. காசு போனாலும் பரவாயில்ல, வாங்கிப் போடுறோம்."

இப்போது ஏன் என்று கேட்டேன். மார்ச் 17 சாதாரண தரப் பரீட்சை. அதற்காகத் தயாரித்த 11 மாதிரி வினாத்தாள்களைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, பிரதி எடுக்க டவுனில் ஒரு கொமியூனிகேஷனுக்குப் போயிருக்கிறார். பென்னைத் திறந்தால் ஃபைல் ஒன்றையும் காணவில்லை. பென்னின் பெயரிலேயே ஒரேயொரு ஷோர்ட்கட் மட்டும் நின்றிருக்கிறது. கடைப் பையன், "வைரஸ் மிஸ், ஃபோர்மட் பண்ணித் தாறேன்" என்று சொல்லி, பதிலை எதிர்பார்க்காமல் செய்தும் விட்டான்.

பெரிய இழப்பு அந்த இடத்தில்தான் நடந்தது. இந்த வகை வைரஸ் பென்னில் உள்ளவற்றை அழிப்பதில்லை. பெயரே இல்லாதது போலத் தெரியும் ஒரு மறை போல்டருக்குள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, வாசலில் ஒரு ஷோர்ட்கட்டை வைக்கிறது. ஷோர்ட்கட்டை அழுத்தினால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு உண்மையான போல்டரும் திறக்கும். அதனால் மாதக்கணக்கில் யாருக்கும் சந்தேகம் வராது. மறைந்த ஃபைல்களைக் காட்டு என்று விண்டோஸுக்குச் சொல்லியிருந்தால் 11 தாள்களும் அங்கேயே இருந்திருக்கும். அவற்றை அழித்தது வைரஸ் இல்லை, ஃபோர்மட்.

வீட்டுக் கணினியில் பிரதி இல்லையா என்று கேட்டேன். இல்லை. பென்னில் வைத்தே டைப் செய்திருக்கிறார்.

முதல் நாள் கண்டது

பெப்ரவரி 15, சனிக்கிழமை போனேன். தேத்தண்ணீர் குடித்து முடியும் வரைக்கும் கணினி 'திறந்துகொண்டு' இருந்தது. வலது மூலையில் மூன்று சின்னங்கள் வரிசையாக நின்றன.

முதலாவது, கடை போட்டுக் கொடுத்த வைரஸ் கார்ட். சோதனைக் காலம் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல். 'புதுப்பியுங்கள்' என்று சிவப்பில் கத்திக்கொண்டிருந்தது. இரண்டாவது, அதன் தொல்லை தாங்காமல் தம்பி இறக்கிய இலவச வைரஸ் கார்ட். முதலாவதைக் கழற்றாமல் அதன் மேலேயே போட்டிருக்கிறார். ஒரு கேம் ஓடவில்லை என்று அதன் காவலை நிறுத்தியிருக்கிறார். நிறுத்தும்போது 10 நிமிடமா, 1 மணித்தியாலமா, நிரந்தரமா என்று அது கேட்டிருக்கிறது. நிரந்தரம் என்று கொடுத்துவிட்டார். மூன்றாவது, இலவசத்தோடு கூடவே வந்து ஒட்டிக்கொண்ட 'வேகம் கூட்டும்' மென்பொருள். அது 4 ஜிபி ரேமில் தன் பங்கை எடுத்துக்கொண்டு, கணினி மெதுவாக இருக்கிறது என்று எச்சரித்துக்கொண்டிருந்தது.

விண்டோஸோடு வரும் மைக்ரோசொப்ட் டிஃபெண்டர் ஓடவில்லை. வேறொரு வைரஸ் கார்ட் பதிவாகியிருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிவிடும். அது அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. ஆக, வாசலில் இரண்டு காவல்காரர்கள். ஒருவருக்குச் சம்பளம் நின்றுவிட்டது, மற்றவரை நிரந்தர லீவில் அனுப்பியாயிற்று. வீட்டோடு இருந்தவரோ, ஆட்கள் இருக்கிறார்களே என்று உள்ளே படுத்துக்கொண்டார்.

மூன்றையும் கழற்றினேன். கழற்றிய பிறகும் வேர் விடும் சரக்குகள் இவை. அதனால் அந்தந்த நிறுவனங்களே தரும் நீக்கும் கருவிகளைப் பயன்படுத்தினேன். இங்கே என் முதல் பிழை. இலவச வைரஸ் கார்ட் முன்பு பிடித்து அடைத்து வைத்திருந்தவற்றைப் பார்க்காமலே கழற்றிவிட்டேன். அதற்குள் மிஸ்ஸின் ஒரு வேர்ட் ஃபைலும் இருந்ததாம். பிறகுதான் சொன்னார்.

கழற்றியதும் டிஃபெண்டர் எழுந்தது. முழுச் சோதனை கொடுத்தேன். சில நிமிடங்களில் முடித்துவிட்டு, ஆபத்து ஒன்றும் இல்லை என்றது.

அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் முழுச் சோதனை என்றால் மணிக்கணக்கில் ஓட வேண்டும். எய்கார் என்று ஒரு சோதனை ஃபைல் உண்டு. வெறும் 68 எழுத்து, எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் எல்லா வைரஸ் கார்ட்களும் அதை வைரஸ் என்று பிடிக்க வேண்டும் என்பது அந்தத் துறையின் பொது ஏற்பாடு. நோட்பேடில் அதை எழுதி டெஸ்க்டொப்பில் சேமித்தேன். வழக்கமாகச் சேமித்த கையோடு பறந்துவிடும். இங்கே டிஃபெண்டர் அசையவே இல்லை.

அப்புறம்தான் விலக்குப் பட்டியலைத் திறந்தேன். இந்த இடங்களைப் பார்க்காதே என்று டிஃபெண்டருக்குச் சொல்லிவைக்கும் பட்டியல் அது. அதில் ஒரே வரி: சி டிரைவ், முழுவதும்.

காரணம் ஊகிக்கக் கடினமில்லை. கடையில் விண்டோஸைத் திருட்டுத்தனமாக உயிர்ப்பிக்க ஓட்டிய அக்டிவேட்டர், தன்னைப் பிடிக்காமல் இருக்க முழு டிரைவையும் விலக்கில் போட்டுவிட்டது. மேலே எத்தனை வைரஸ் கார்ட் வந்து போனாலும் அந்த வரி 2023இலிருந்து அங்கேயே இருந்திருக்கிறது. அதை நீக்கிவிட்டு மறுபடி சோதனை கொடுத்தேன். பொழுது சாய்ந்த பிறகுதான் முடிந்தது. அக்டிவேட்டர் பிடிபட்டது. கணினி திறக்கும் ஒவ்வொரு தடவையும் தானாக ஓடும்படி வைத்திருந்த ஒரு ஸ்கிரிப்டும் பிடிபட்டது. பென்களில் ஷோர்ட்கட் போட்டுக்கொண்டிருந்தது அதுதான்.

கடைப் பையனின் கணினியில்தான் வைரஸ் என்று மிஸ் அதுவரை நம்பியிருந்தார். அங்கேயும் இருந்தது உண்மைதான். ஆனால் மற்றப் பிள்ளைகளின் பென்களுக்கு இந்த வீட்டிலிருந்தும் போயிருக்கிறது. அதைச் சொன்னபோது அவர் முகம் வாடிப்போனது.

ஒரு கிழமைக் கணக்கு

அன்றே ஒரு வைரஸ் கார்டின் பெயரைச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் எந்த வழியால் இவர்கள் வீட்டுக்குள் வருகிறது என்று தெரியாமல் எதைத் தெரிவது? ஒரு கிழமைக்குக் கணினியை இணையத்தோடு இணைக்காமல் பாவிக்கச் சொன்னேன். பென் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எழுதி வைக்கச் சொன்னேன்.

அந்த வேலையை ஐயா, மிஸ்ஸின் தகப்பனார், எடுத்துக்கொண்டார். செக்ரோல் என்ற தோட்டத்து வரவுப் பதிவேட்டை எழுதிப் பழகிய கை. ஒரு கொப்பியில் கோடு போட்டு, திகதி, எந்தப் பென், எங்கே போனது, எப்போது வந்தது, யார் கொண்டுவந்தது என்று நிரல் நிரலாகப் பிரித்துவிட்டார். நான் கேட்டதற்கு மேலேயே.

ஏழு நாளில் வீட்டுப் பென் ஒன்பது தரம் வெளியே போய் வந்திருந்தது: ஆறு தரம் கொமியூனிகேஷனுக்கு, இரண்டு தரம் இன்னொரு டீச்சர் வீட்டுக்கு, ஒரு தரம் பிள்ளை ஒன்றின் வீட்டுக்கு. விண்ணப்பம் நிரப்ப வந்தவர்கள் கொண்டுவந்த வேற்றுப் பென்கள் மூன்று. இணையத்தில் இவர்கள் செய்வதோ கொஞ்சம்: மின்னஞ்சல், வாட்ஸ்அப், கடந்தகால வினாத்தாள்களைப் பீ.டி.எஃப். ஆக இறக்குவது. தம்பி வந்தால் மட்டும் கேமும் கிராக் செய்த மென்பொருளும்.

ஆக, ஆபத்து வந்த வாசல்கள் இரண்டு: பென், தம்பி. இதை நான் அவரிடமே சிரித்துக்கொண்டு சொன்னேன். அவரும் சிரித்தார், முழுமனதோடு அல்ல.

இதற்குள் பழைய பென்னிலிருந்து மீட்பு மென்பொருளால் 11இல் 8 தாள்களை எடுக்க முடிந்தது. பெயர்கள் எல்லாம் போய் வெறும் எண்களாக வந்தன. திறந்து பார்த்துப் பார்த்து மிஸ் பெயர் வைத்தார். மீதி மூன்றின் மேல் வேறு ஃபைல்கள் எழுதப்பட்டுவிட்டன.

தெரிவு: காசு கொடுப்பதா, இலவசமா, இருப்பதா

பெப்ரவரி 22, மறுபடி போனேன். நால்வரும் உட்கார்ந்து பேசினோம். தம்பி லீவு எடுத்து வந்திருந்தார்.

முதல் தெரிவு, வருட லைசென்ஸ் வாங்குவது. ஐயாவுக்கு அதுதான் விருப்பம். "காசு குடுக்காம யாரு தம்பி காவலுக்கு நிப்பாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு நான் சொன்னது இது. லைசென்ஸ் விலை டொலரோடு ஏறி இறங்குவது. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டிப் போனதை நாம் பார்த்தவர்கள். முதல் வருடம் தள்ளுபடியில் வரும். இரண்டாம் வருடம் முழு விலை. அந்த வருடம் புதுப்பிக்காவிட்டால், கழற்றிய முதலாவது கார்டின் கதைதான் திரும்பவும். காசு கொடுத்து வாங்குவது கெட்டது என்று நான் சொல்லவில்லை. பல நல்ல சரக்குகள் இருக்கின்றன. ஆனால் தவறாமல் புதுப்பிப்பார்கள் என்ற நம்பிக்கை உள்ள வீட்டுக்குத்தான் அது சரி.

தம்பி ஒரு ரஷ்யப் பெயரைச் சொன்னார். இலங்கையில் எல்லாருக்கும் தெரிந்த கஸ்பர்ஸ்கி. 2024 ஜூனில் அமெரிக்க அரசாங்கம் தன் நாட்டில் அதன் விற்பனையைத் தடைசெய்தது. அந்தத் தடை நமக்குப் பொருந்தாது, இங்கே விற்கிறார்கள். தடை விதிக்கப்பட்டது எந்த நாட்டின் பிடிக்குள் அந்த நிறுவனம் இருக்கிறது என்ற கவலையால். வைரஸ் பிடிப்பதில் குறை என்பதால் இல்லை. இந்த வீட்டுக்கு அது முடிவு சொல்லும் விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, வேறொரு இலவச வைரஸ் கார்ட். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நோர்ட்டன் என்று நான்கு பெயரையும் தம்பி தாளில் எழுதி ஒப்பிட்டு வைத்திருந்தார். ஏவிஜியை அவாஸ்ட் 2016இல் வாங்கியது. அவிராவை நோர்ட்டன் வாங்கியது. 2022இல் நோர்ட்டனும் அவாஸ்டும் சேர்ந்து ஜென் டிஜிட்டல் ஆயின. ஒரே முதலாளியின் நான்கு கடைகள். அவாஸ்ட் தன் பாவனையாளர்கள் எந்தெந்த இணையதளங்களுக்குப் போகிறார்கள் என்ற தகவலை ஜம்ப்ஷொட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. அதற்காக 2024 பெப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 1.65 கோடி டொலர் கட்ட வைத்தது. ஜம்ப்ஷொட்டை 2020இலேயே மூடிவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஐயாவின் கேள்விக்கு இதுவும் ஒரு பதில்தான்: சில காவல்காரர்கள் சம்பளத்தை வேறு இடத்தில் வாங்குகிறார்கள்.

இலவசங்களில் எனக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை, அவை ஓயாமல் எழுப்பும் விளம்பரப் பெட்டிகள். ஆங்கிலத்தில் சிவப்பாக ஏதாவது வந்தால் ஒப்புக்கொள் என்று அழுத்திவிடும் பழக்கம் அதனால்தான் வளர்கிறது. வைரஸும் அதே சிவப்புப் பெட்டியைத்தான் காட்டும்.

மூன்றாவது, டிஃபெண்டர். விண்டோஸ் 7 காலத்தில் இதை நம்பி ஒரு கணினியையும் நான் கொடுத்ததில்லை. விண்டோஸ் 8இலிருந்துதான் டிஃபெண்டர் முழு வைரஸ் கார்டாக உள்ளேயே வரத் தொடங்கியது. இப்போது ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் போன்ற சோதனைக்கூடங்கள் பாதுகாப்பு, வேகம், பாவனை எளிமை மூன்றுக்கும் தலா 6 புள்ளியில் அளக்கும்போது, அது பலமுறை முழுப் புள்ளியும் எடுக்கிறது. அந்தக் கூடங்கள் நம் ஐ3ஐப் போன்ற பழைய மெஷினில் சோதிப்பதில்லை. அதனால் வேகத்துக்கான புள்ளியை நான் பெரிதாக எடுப்பதில்லை. காலாவதி இல்லை, கணக்குத் திறக்கத் தேவையில்லை, தனியாக விளம்பரம் இல்லை.

டிஃபெண்டர் என்று முடிவாயிற்று. அது எல்லாவற்றிலும் சிறந்தது என்பதால் அல்ல. இந்த வீட்டில் யாரும் கவனிக்காமல் விட்டாலும் ஓடிக்கொண்டிருக்கக் கூடியது அது ஒன்றுதான்.

இன்னொரு முடிவும் எடுத்தோம், இதில் வாதம் கொஞ்சம் நீண்டது. பிடிபட்டவற்றை நீக்கியாயிற்றே, அப்படியே விட்டால் என்ன என்று தம்பி கேட்டார். காவல்காரனின் கண்ணை ஒன்றரை வருடத்துக்கு மேல் கட்டிவைத்திருந்த கணினி அது. அந்தக் காலத்தில் இன்னும் என்ன வந்து குடியேறியது என்று எந்தச் சோதனையாலும் அடித்துச் சொல்ல முடியாது. ஐம்பது பேரின் அடையாள அட்டை அதில் கிடக்கிறது. விண்டோஸைப் புதிதாகப் போடுவது என்று நான் நின்றேன்.

ஃபயர்வோல்

ஃபயர்வோல் என்பது கணினிக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் தடுப்பு. தம்பிக்குத் தனி ஃபயர்வோல் ஒன்று போட ஆசை. எந்த மென்பொருள் வெளியே பேசினாலும் 'விடவா?' என்று கேட்கும் வகை. எனக்கும் ஒரு காலத்தில் அவை பிடித்தவைதான்.

விண்டோஸ் ஃபயர்வோல் நாம் கேட்காமல் உள்ளே வருவதைத் தடுக்கும். நம் கணினியிலிருந்து வெளியே போவதைப் பொதுவாக விட்டுவிடும். 2003 ஓகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு, யாரும் எதையும் அழுத்தாமலே இணையத்தில் இருந்த விண்டோஸ் கணினிகளுக்குள் தானாக நுழைந்தது. அடுத்த வருடம் விண்டோஸ் எக்ஸ்பீக்கு சேர்விஸ் பெக் 2 என்ற பெரிய அப்டேட் வந்தபோதுதான் ஃபயர்வோலை ஆரம்பத்திலேயே ஓட வைக்கும் வழக்கம் வந்தது. அந்த வேலையை இது இன்றைக்கும் செய்கிறது. போதாததற்கு முன்னால் ரவுட்டரும் நிற்கிறது.

வெளியே போவதைக் கேட்டுக் கேட்டு விடும் ஃபயர்வோல் என்ன செய்யும்? முதல் நாள் முப்பது கேள்வி கேட்கும். சேவையின் பெயர்கள் யாருக்கும் புரியாது. மூன்றாம் நாள் எல்லாவற்றுக்கும் 'ஆம்' விழும். அதற்குமேல் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வேண்டாம் என்றேன்.

உண்மையில் கவனிக்க வேண்டியது ரவுட்டரில் இருந்தது. வைஃபை கடவுச்சொல் பக்கத்து வீட்டுக்கும் தெரியும். லயத்தில் ஒரு வீட்டில் இருப்பதை அடுத்த வீட்டுக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. அதை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ரவுட்டரின் உள் அமைப்புகளுக்கான கடவுச்சொல்லும் அடியில் ஒட்டியிருந்த அதேதான். அதை மாற்றினோம். பக்கத்து வீட்டுக்கு விருந்தினர் வைஃபையைத் தனியாகத் திறந்தோம். கணினியில் வீட்டு வைஃபையை 'பிரைவேட்' என்று இருந்ததிலிருந்து 'பப்ளிக்' என்று மாற்றினேன். அதே வைஃபையில் இருக்கும் வேறு கருவிகளுக்குக் கணினி தன்னைக் காட்டாது. பிரிண்டர் வயரில் போவதால் அதற்கு ஒரு குறையும் இல்லை.

செய்தவை

ஆவணங்களை மட்டும் வெளியே எடுத்துச் சோதித்துவிட்டு, வீட்டிலிருந்து தயாரித்துக் கொண்டுபோன பென்னால் விண்டோஸ் 10ஐ அடியிலிருந்து போட்டேன். டேட்டா மிச்சம். அப்டேட்களை அன்றிரவு 12 மணிக்குப் பிறகு இரவு டேட்டாவில் விட்டோம்.

இணையத்தைத் தொட்டதும் விண்டோஸ் தானாகவே உயிர்ப்பு ஆகிவிட்டது. கம்பெனி பாவித்த காலத்திலேயே அந்த மதர்போர்டுக்கு முறையான லைசென்ஸ் பதிவாகியிருக்கிறது. அக்டிவேட்டரே தேவைப்பட்டிருக்கவில்லை. தம்பி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

அதன்பின் சின்னச் சின்ன வேலைகள். தினப் பாவனைக்கு அதிகாரம் இல்லாத கணக்கு. நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல் ஐயாவின் கொப்பியில், தம்பிக்குச் சொல்வதில்லை என்ற உடன்பாட்டோடு. பென் போட்டதும் தானாகத் திறப்பதை நிறுத்தினேன். ஃபைல் பெயரின் பின்னொட்டையும் மறைந்த ஃபைல்களையும் காட்டச் செய்தேன். ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் ரேன்சம்வெயாருக்கு எதிராக டிஃபெண்டரில் உள்ள போல்டர் பூட்டைப் போட்டேன். பழைய லெப்டொப் ஹார்ட் டிஸ்க் ஒன்றை ஒரு கேசிங்கில் மாட்டிக் கொடுத்து, ஞாயிறு தோறும் பிரதி எடுத்துவிட்டு வயரைக் கழற்றி அலுமாரியில் வைக்கச் சொன்னேன். கழற்றி வைப்பது வைரஸுக்கு மட்டும் அல்ல. எங்கள் பக்கம் மின்னல் கொண்டுபோன கணினிகள் என் கடைக்கு நிறைய வந்திருக்கின்றன.

பென்னுக்கான வழி மிஸ்ஸின் யோசனை. தாளைப் பீ.டி.எஃப். ஆக்கி, கொமியூனிகேஷனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது. இதில் நான் நினைக்காத ஒரு நன்மையும் இருந்தது. அவர் பாமினி எழுத்துருவில் டைப் செய்பவர். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேர்ட் ஃபைலைத் திறந்தால் தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பீ.டி.எஃப்.இல் எழுத்துரு உள்ளேயே போய்விடுவதால் அந்தத் தொல்லையும் தீர்ந்தது. அடையாள அட்டைப் பிரதிகளை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. வீட்டிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிட்டு ஸ்கேனை அழித்துவிடுவது என்று முடிவு.

பிறகு நடந்தவை

நான்காம் நாளே மிஸ் பேசினார். ஸ்கேன் செய்தால் 'ஃபைல் கிடைக்கவில்லை' என்று வருகிறதாம். நான் போட்ட போல்டர் பூட்டுத்தான் காரணம். வேர்ட் போன்ற தெரிந்தவற்றை விட்டுவிட்டு, பிரிண்டரோடு வந்த ஸ்கேன் மென்பொருளைத் தடுத்திருக்கிறது. தடுத்தேன் என்று நேராகச் சொல்லாமல், அந்த மென்பொருளின் வாயால் வேறு காரணம் வந்திருக்கிறது. அனுமதிப் பட்டியலில் சேர்த்ததும் சரியானது. ஒவ்வொரு மென்பொருளையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நான் எழுந்திருக்க வேண்டும்.

பரீட்சை மார்ச்சில் முடிந்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு வந்த தம்பி, டேட்டா சீக்கிரம் தீர்கிறது என்று வைஃபையை, டேட்டாவைச் சிக்கனமாகப் பாவிக்கும் 'மீட்டர்' இணைப்பாக மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். நல்லெண்ணம்தான். ஆனால் மீட்டர் இணைப்பில் விண்டோஸ் அப்டேட்களும் நிற்கும், டிஃபெண்டரின் வைரஸ் பட்டியலும் வராது. மே 4ஆம் திகதி வேறு வேலையாகப் போய் எட்டிப் பார்த்தபோது பட்டியல் 19 நாள் பழசு. அந்தப் பட்டியல் ஒரு நாளில் பல தடவை மாறக்கூடியது. மீட்டரை எடுத்துவிட்டு, கணினியைச் சனி இரவுகளில் விழித்திருக்க வைத்தோம். இந்த வீட்டின் டேட்டாவைப் பற்றி முதல் நாளே பேசியிருந்தால் அவர் அதைத் தொட்டிருக்க மாட்டார்.

ஜூனில் இன்னொரு டீச்சரின் பென் வந்தது. ஷோர்ட்கட் இருந்தது; டிஃபெண்டர் உடனே பிடித்தது; ஃபைல்கள் மறை போல்டரில் பத்திரமாக இருந்தன. இந்தத் தடவை மிஸ்ஸே அவற்றை வெளியே எடுத்துக் கொடுத்திருக்கிறார், ஃபோர்மட் இல்லாமல். நான் அந்தக் கொமியூனிகேஷனுக்கும் போய்ச் சொல்லிப் பார்த்தேன். "முதலாளிகிட்ட கேக்கணும் அண்ணே" என்றான் பையன். முதலாளியை இன்னும் சந்திக்கக் கிடைக்கவில்லை.

ஒக்டோபர் 14 விண்டோஸ் 10க்கான ஆதரவு முடியும் நாள். எட்டாம் தலைமுறைக்கு முந்திய இந்தச் சிப்பில் முறைப்படி விண்டோஸ் 11 ஏறாது. இரண்டு நாள் முன்னதாக, ஞாயிறு அன்று போய், மைக்ரோசொப்ட் கணக்கில் அமைப்புகளைச் சேமிக்கும் வழியால் காசில்லாமல் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 ஒக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசொப்ட் சொல்லியிருக்கிறது. அது இருந்தால் போதாதா என்று ஐயா கேட்டார். பட்டியல் வருவது திருடனின் படம் வருவது போல. கதவில் விழுந்த ஓட்டையை அடைப்பது விண்டோஸ் அப்டேட். இரண்டும் வேண்டும் என்றேன்.

மாற்றிச் செய்வதானால்

இப்போது இப்படி ஒரு கணினி வந்தால் எந்த வைரஸ் கார்டையும் தொடுவதற்கு முன், அடைத்து வைத்ததைப் பார்ப்பேன். டிஃபெண்டர் எழுந்ததும் சோதனைக்கு முதல் விலக்குப் பட்டியலைத் திறப்பேன். அந்த வரிசை மாறியதில் ஒரு பின்னேரம் வீணானது. அதைவிட, சோதனை கொஞ்சம் மெதுவாக ஓடியிருந்தால் 'எல்லாம் சுத்தம்' என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போயிருப்பேன். அடையாள அட்டை போல மற்றவர்களின் ஆவணம் இருக்கிறதா என்பதையும், டேட்டா பெக்கேஜ் எப்படிப்பட்டது என்பதையும் தொலைபேசியிலேயே கேட்பேன். பிரதி எடுக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கடைசியில் அல்ல, முதல் நாளே கையோடு கொண்டுபோவேன்.

தம்பியை முதல் நாளிலிருந்தே கூட வைத்திருக்க வேண்டும். கடவுச்சொல்லை அவரிடமிருந்து மறைத்தது சரியா என்பதில் எனக்கு இன்னும் ஒரு மனம் இல்லை. மீட்டர் அமைப்பை மாற்ற அவருக்கு நிர்வாகக் கடவுச்சொல் தேவைப்படவே இல்லை.

2026 ஒக்டோபருக்குப் பிறகு என்ன என்பது இன்னும் தீரவில்லை. ஐயா அந்தத் திகதியைக் கொப்பியின் முன் அட்டையில் எழுதி வைத்திருக்கிறார். உள்ளே பென் கணக்கு இன்னும் நடக்கிறது. கடைசியாக நான் பார்த்தபோது ஒக்டோபர் மாதத்துக்கு 'வெளியே' என்ற நிரலில் ஒரே ஒரு பதிவு இருந்தது, பக்கத்தில் சிவப்பில் 'மகன்' என்று.